ஆர்.என்.ஏ பாலிமரேஸ்: பாக்டீரியாவை நிறுத்தும் மருந்து நம் செல்களை ஏன் நிறுத்துவதில்லை?

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ உருவாவதைச் சொல்லும் படியெடுத்தல் பாடத்தில், பாக்டீரியாவில் எல்லா வகை ஆர்.என்.ஏ.வையும் ஒரே ஆர்.என்.ஏ பாலிமரேஸ் நொதி உருவாக்குகிறது என்றும், உட்கரு உள்ள செல்களைக் கொண்ட உயிரிகளான யூகேரியோட்டுகளின் உட்கருவில் அவ்வேலையை மூன்று நொதிகள் பகிர்ந்துகொள்கின்றன என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த நொதி எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கேட்டால், டி.என்.ஏ இழையின் மேல் ஒரு நீள்வட்டத்தை வரைந்து காட்டுவதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

இந்த வாரம் வகுப்பில் இரண்டு கேள்விகள் எழுந்தன. தன் பாட்டி காசநோய்க்கு உட்கொள்ளும் ரிஃபாம்பிசின் மாத்திரை பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ பாலிமரேஸைத்தான் நிறுத்துகிறது என்று அறிந்த ஒரு மாணவி, அதே நொதி நம் செல்களிலும் இருக்கும்போது பாட்டியின் செல்கள் மட்டும் எப்படித் தப்பிக்கின்றன என்று கேட்டாள். மழைக்குப் பின் பைன் தோப்பில் முளைத்த, வெண்புள்ளிகள் கொண்ட சிவப்புக் காளானைப் பார்த்துவிட்டு வந்த இன்னொரு மாணவன், விஷக் காளான்கள் மனிதரின் ஆர்.என்.ஏ பாலிமரேஸை முடக்கியே கொல்லும் என்று படித்திருப்பதாகவும், இந்தக் காளானும் அப்படித்தானா என்றும் கேட்டான். நொதியின் அமைப்பிலிருந்தே இவற்றுக்கு விடை சொல்ல முடியுமா? துறை அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உதகை மூலக்கூறு எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உதகையில் பிறந்து வளர்ந்தவன். இப்போது புரதங்களின் முப்பரிமாண அமைப்பை ஆராயும் துறையில் இருக்கிறேன். கரும்பலகையில் உள்ள அந்த நீள்வட்டத்தை அழித்துவிட்டு, அகலத் திறந்த ஒரு நண்டுக் கொடுக்கை வரையுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளும் இந்த நொதியை அப்படித்தான் வருணிக்கின்றன.

பாக்டீரியாவின் மைய நொதியில் ஐந்து துணையலகுகள் உள்ளன: ஆல்ஃபா இரண்டு, பீட்டா ஒன்று, பீட்டா பிரைம் ஒன்று, ஒமேகா ஒன்று. மொத்த மூலக்கூறு எடை சுமார் 4 லட்சம் டால்டன். கொடுக்கின் ஒரு விரல் பீட்டா, மறு விரல் பீட்டா பிரைம். ஆல்ஃபா இரண்டும் அவற்றைப் பின்னாலிருந்து பிணைக்கின்றன. இரு விரல்களுக்கும் இடையிலான பிளவில் டி.என்.ஏ அமர்கிறது. அந்தப் பிளவின் அடியாழத்தில், ஒரு மெக்னீசியம் அயனியை மூன்று ஆஸ்பார்ட்டிக் அமில எச்சங்கள் பற்றிக்கொண்டிருக்கும் இடமே வினைமையம். வினை நிகழும் நேரத்தில் இரண்டாவது மெக்னீசியம் அயனி ஒன்று நியூக்ளியோடைடுடன் சேர்ந்து வந்துசேரும்.

இந்த அமைப்பை அணு அளவில் முதலில் காட்டியது, வெந்நீரூற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதியைப் படிகமாக்கி 1999-இல் சேத் டார்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஈஸ்டின் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் II-இன் அமைப்பை ரோஜர் கோர்ன்பர்க் குழுவினர் 2001-இல் வெளியிட்டார்கள். அதற்காக அவருக்கு 2006-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. டி.என்.ஏ பாலிமரேஸைக் கண்டறிந்து 1959-இல் மருத்துவ நோபல் பெற்ற ஆர்தர் கோர்ன்பர்க் இவருடைய தந்தை என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம். இது போன்ற செய்திகள்தான் அவர்கள் மனத்தில் தங்குகின்றன.

ஈஸ்டின் நொதியில் 12 துணையலகுகள் உள்ளன. எண்ணிக்கையைப் பார்த்தால் பாக்டீரியாவின் நொதிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு அமைப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் உட்பகுதி ஏறக்குறைய ஒன்றாகவே அமைகிறது. பீட்டா பிரைமின் இடத்தில் ஆர்.பி.பி.1, பீட்டாவின் இடத்தில் ஆர்.பி.பி.2, ஆல்ஃபா இணையின் இடத்தில் ஆர்.பி.பி.3-உம் ஆர்.பி.பி.11-உம், ஒமேகாவின் இடத்தில் ஆர்.பி.பி.6. பாக்டீரியாவும் நாமும் ஒரே மூதாதையிடமிருந்து பெற்ற உறுப்பு இது என்பதில் ஐயமில்லை. வேறுபாடுகள் பெரும்பாலும் வெளிப்புறத்தில் இருக்கின்றன; ஆனால் உட்பகுதியிலும் சில அமினோ அமிலங்கள் வேறுபடுகின்றன, மாணவியின் கேள்விக்கான விடை அவற்றிலிருந்தே தொடங்குகிறது.

இனி இயக்கத்தைப் பார்ப்போம். மைய நொதியால் ஆர்.என்.ஏ.வைக் கோக்க முடியும், ஆனால் மரபணு எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. சிக்மா காரணி என்ற துணைப் புரதம் வந்து சேர்ந்த பின்பே, தொடக்கப் புள்ளிக்கு ஏறத்தாழ 10 காரங்களுக்கும் 35 காரங்களுக்கும் முன்னால் உள்ள ஊக்குவிப்பான் வரிசைகளை அது அடையாளம் காண்கிறது. பின்னர் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் ஒரு சிறு தொலைவுக்குப் பிரிந்து, வார்ப்புரு இழை வினைமையத்தை நோக்கி இறங்குகிறது. டி.என்.ஏ பாலிமரேஸைப் போல இந்த நொதிக்குத் தொடக்க இழை எதுவும் தேவையில்லை. முதல் இரண்டு நியூக்ளியோடைடுகளைத் தானே எடுத்து இணைத்துவிடும்.

ஆனால் தொடக்கம் எளிதன்று. ஊக்குவிப்பானை விட்டு நகராமலேயே இரண்டு முதல் ஏறத்தாழ பத்து நியூக்ளியோடைடு நீளமுள்ள துண்டுகளை உருவாக்கி, அவற்றை நழுவவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதை இந்த நொதி பலமுறை செய்யும். அந்த நீளத்தைத் தாண்டியதும் சிக்மாவின் பிடி தளர்ந்து, நொதி ஊக்குவிப்பானை விட்டு விலகி மரபணுவின் மேல் ஓடத் தொடங்குகிறது. அப்போது வினைமையத்தில் எப்போதும் எட்டு அல்லது ஒன்பது இணை நீளத்துக்கு ஆர்.என்.ஏ–டி.என்.ஏ கலப்பிழை இருக்கும்; அதன் பின்னால் புதிய ஆர்.என்.ஏ ஒரு தனி வாயில் வழியே வெளியேறும். நியூக்ளியோடைடுகள் வேறொரு கால்வாய் வழியாக உள்ளே வருகின்றன. சரியான கார இணை அமைந்தால் மட்டும் 'தூண்டு கண்ணி' என்ற வளையும் பகுதி மடிந்து அந்த நியூக்ளியோடைடை இறுக்கிப் பிடிக்கிறது, பிணைப்பு உருவாகிறது, பைரோபாஸ்பேட் வெளியேறுகிறது, அருகிலுள்ள 'பாலச் சுருள்' சற்று வளைந்து நிமிர்வதோடு சேர்ந்து டி.என்.ஏ ஒரு காரத் தொலைவு நகர்கிறது. எஷ்சரிச்சியா கோலை என்ற பாக்டீரியாவில் இது ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 40 முதல் 80 முறை நடக்கிறது.

தவறான நியூக்ளியோடைடு சேர்ந்துவிட்டால் நொதி பின்னோக்கி நகர்ந்து, ஆர்.என்.ஏ.வின் நுனியை வெளியே தள்ளி வெட்டிவிட்டு மறுபடி தொடரும். பாக்டீரியாவில் கிரே புரதங்களும் நம்மிடம் டி.எஃப்.ஐ.ஐ.எஸ் என்ற காரணியும் இந்த வெட்டலுக்கு உதவுகின்றன. ஆர்.என்.ஏ பாலிமரேஸுக்குப் பிழை திருத்தும் திறனே கிடையாது என்று சில வழிகாட்டி நூல்களில் இன்னும் எழுதுகிறார்கள். அதை அப்படியே சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

பழனிமலை மருத்துவர் எழுதியது:

கொடைக்கானல் பகுதியில் பணியாற்றும் மருத்துவன் நான். மாணவியின் கேள்வி மிகச் சரியான கேள்வி.

ரிஃபாம்பிசின் நேராக வினைமையத்தில் போய் அமர்வதில்லை. பீட்டா துணையலகில், வினைமையத்திலிருந்து சுமார் 12 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தள்ளி ஒரு குழிவு இருக்கிறது, ஆர்.என்.ஏ வெளியே செல்லும் பாதை அதை ஒட்டியே போகிறது. மருந்து அந்தக் குழிவில் அமர்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது. மனிதரின் மூன்று உட்கரு நொதிகளிலும் அதற்கு இணையான இடத்தில் உள்ள அமினோ அமிலங்கள் வேறாக இருப்பதால், மருத்துவ அளவில் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அவற்றில் பற்றிக்கொள்வதில்லை. நம் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஆர்.என்.ஏ பாலிமரேஸோ பாக்டீரியா வகையைச் சேர்ந்ததே அன்று. டி7 என்ற வைரஸின் நொதியை ஒத்த, ஒற்றைப் புரதத்தாலான வேறொரு குடும்பம். ஆகவே பாட்டியின் பாலிமரேஸ்கள் பாதுகாப்பாக இருக்கின்றன. சிறுநீர் செம்மஞ்சளாக மாறினால் அது மருந்தின் நிறம்தான், அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் மாணவி பாட்டியிடம் சொல்லட்டும். அதைப் பார்த்து இரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. கல்லீரலைப் பாதிக்கும் பக்கவிளைவு ரிஃபாம்பிசினுக்கு உண்டு. ஆனால் அது நம் ஆர்.என்.ஏ பாலிமரேஸை மருந்து தடுப்பதால் வருவதன்று.

காசநோய்க் கிருமி மருந்தை எதிர்க்கத் தொடங்குவதும் இந்தக் குழிவில்தான். பீட்டா துணையலகுக்கான ஆர்.பி.ஓ.பி மரபணுவில் 81 கார இணைகள் நீளமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. ரிஃபாம்பிசினை எதிர்க்கும் காசநோய்க் கிருமிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டில் திடீர்மாற்றம் அந்தப் பகுதிக்குள்ளேயே காணப்படுகிறது. ஒரே ஒரு செரின் லியூசினாக மாறினாலே போதும், மருந்து அமர இடம் இல்லாமல் போய்விடும். அரசு மருத்துவமனைகளில் சளி மாதிரியை வைத்துச் செய்யும் சிபிநாட் சோதனை இந்த 81 இணைகளைத்தான் பரிசோதிக்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய இடத்தில், இது சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் பேருந்து பிடித்து வருபவரை இன்னொரு நாள் வரச்சொல்லாமல் அன்றே முடிவு சொல்லி அனுப்ப முடிவது சிறிய செய்தி அன்று.

உதகை மூலக்கூறு எழுதியது:

மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரிஃபாம்பிசின் நொதி டி.என்.ஏ.வில் அமர்வதையோ முதல் பிணைப்பு உருவாவதையோ தடுப்பதில்லை. ஆர்.என்.ஏ இரண்டு அல்லது மூன்று நியூக்ளியோடைடு நீளமானதும் அதன் நுனி மருந்தின் மேல் முட்டி நின்றுவிடுகிறது. ஏற்கெனவே நீண்ட ஆர்.என்.ஏ.வோடு ஓடிக்கொண்டிருக்கும் நொதியில் அந்தப் பாதை நிரம்பியிருப்பதால் மருந்து புகவே முடியாது. அந்த நொதி தன் மரபணுவை முடித்துவிட்டே ஓயும். படியெடுத்தலில் தொடக்கமும் நீட்சியும் தனித்தனிக் கட்டங்கள் என்று பாடத்தில் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் ஐயா, மாணவியிடம் நிறத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். உட்பகுதி ஒன்றுபோலவே இருக்கிறது என்றால், ஒரே நொதி செய்யும் வேலைக்கு நமக்கு ஏன் மூன்று தேவைப்பட்டன என்பது இப்போது முன்னைவிடப் பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது. காளானைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. மாணவன் விடுவதாக இல்லை.

சோலைவாசி எழுதியது:

காளான்களைப் பற்றி ஆராய்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் மாணவனிடம் சொல்ல வேண்டியது: அவன் பார்த்த சிவப்புக் காளான் அமானிட்டா மஸ்காரியா. அயல்நாட்டுப் பைன் மரங்களின் வேர்களோடு கூடி வாழும் இனம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பைன் நட்ட இடங்களில் மழைக்காலத்தில் காணலாம். அதன் நஞ்சுகளான மஸ்கிமாலும் ஐபோடெனிக் அமிலமும் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை, ஆர்.என்.ஏ பாலிமரேஸோடு அவற்றுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அவன் படித்தது அதே பேரினத்தைச் சேர்ந்த அமானிட்டா ஃபல்லாய்டிஸ் போன்ற வேறு இனங்களைப் பற்றியதாக இருக்கும். அவற்றில் ஆல்ஃபா அமானிட்டின் என்ற, எட்டு அமினோ அமிலங்களாலான வளைய வடிவப் பெப்டைடு இருக்கிறது. சிவப்பு நிறம்தான் ஆபத்தின் அடையாளம் என்று நம் மாணவர்கள் நினைத்துவிடக்கூடாது. ஆல்ஃபா அமானிட்டினைக் கொண்ட காளான்களில் பல வெளிறிய பச்சை, வெள்ளை, பழுப்பு என்று எந்தக் கவர்ச்சியும் இல்லாத நிறத்தில் இருப்பவை.

இந்த நஞ்சு வேலை செய்யும் விதம் ரிஃபாம்பிசினுக்கு நேர்மாறானது. பாலிமரேஸ் II-இல் பாலச் சுருளுக்கு அடியில் போய் அமர்ந்து, தூண்டு கண்ணியின் அசைவையும் பாலச் சுருளின் வளைவையும் தடுக்கிறது. நியூக்ளியோடைடு உள்ளே வரலாம், பிணைப்பும் உருவாகலாம், ஆனால் டி.என்.ஏ அடுத்த காரத்துக்கு நகர மறுக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான நியூக்ளியோடைடுகளைக் கோக்கும் நொதி சில நியூக்ளியோடைடுகள் என்ற வேகத்துக்கு வீழ்ந்துவிடுகிறது. இங்கே ஓடிக்கொண்டிருக்கும் நொதியும் தப்புவதில்லை.

மூன்று நொதிகளும் வேறுவேறானவை என்பதை உணர்த்தவும் இந்த நஞ்சு உதவியது. 1969-இல் ராபர்ட் ரோடரும் வில்லியம் ரட்டரும் விலங்குச் செல்களிலிருந்து மூன்று பாலிமரேஸ்களைப் பிரித்தெடுத்தார்கள். மிகச் சிறிய அளவு அமானிட்டினுக்கே II அடங்கிவிடும். III-ஐ அடக்க அதைவிடப் பல மடங்கு வேண்டும். I அசைந்துகொடுப்பதே இல்லை. எந்த ஆர்.என்.ஏ.வை எந்த நொதி உருவாக்குகிறது என்று கண்டறிய ஆய்வகங்கள் நெடுங்காலம் நம்பியிருந்த உரைகல் இதுவே.

மனித உடலில் இந்த நஞ்சைக் கல்லீரல் செல்கள் தங்கள் கடத்திப் புரதங்கள் வழியே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உண்டவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பொதுவாக 6 மணி நேரத்துக்குப் பின்னரே தொடங்கும். பிறகு தேறிவிட்டதுபோல ஓர் இடைவெளி வரும். அதற்குள் புரதம் உருவாக்கத் தேவையான புதிய தூது ஆர்.என்.ஏ கிடைக்காமல் கல்லீரல் செல்கள் மடிந்துகொண்டிருக்கும். சமைப்பதால் இந்த நஞ்சு அழியாது. வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் உண்ணலாம், பூச்சி அரித்திருந்தால் உண்ணலாம் என்று ஊரில் சொல்லும் சோதனைகள் எதற்கும் அடிப்படை இல்லை. அடையாளம் தெரியாத காளானை உண்டவர் எவராயினும், வயிறு சரியாகிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உதகை மூலக்கூறு எழுதியது:

"ஏன் மூன்று" என்ற கேள்விக்கு என் விடை. I-ஆம் நொதி பெரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களை மட்டும் உருவாக்குகிறது. செல்லில் உள்ள ஆர்.என்.ஏ.வில் மிகப் பெரும்பகுதி ரைபோசோமைச் சேர்ந்ததுதான் என்பதால், ஒரே வகை மரபணுவை ஓயாமல் படியெடுப்பதற்கென்று ஒரு நொதி இருப்பதில் வியப்பில்லை. III-ஆம் நொதி கடத்து ஆர்.என்.ஏ, 5எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ போன்ற குறுகியவற்றைக் கவனிக்கிறது. புரதங்களுக்கான மரபணுக்கள் அனைத்தும் II-இன் பொறுப்பு. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு திசுவில், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு அளவில் இயங்க வேண்டியவை.

II-இன் தனித்தன்மை அதன் வாலில் இருக்கிறது. ஆர்.பி.பி.1 துணையலகின் கார்பாக்சில் முனையில் ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. ஈஸ்டில் 26 முறை, மனிதரில் 52 முறை. I-க்கும் III-க்கும் இந்த வால் கிடையாது. படியெடுத்தல் தொடங்கும்போது இதன் செரின்களில் பாஸ்பேட்டுகள் ஏற்றப்படுகின்றன. எந்தச் செரினில் பாஸ்பேட் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஆர்.என்.ஏ.வின் முன்முனைக்குத் தொப்பி போடும் நொதிகளும், புரதத்துக்குத் தேவையற்ற இடைப்பகுதிகளான இன்ட்ரான்களை நீக்கும் அமைப்புகளும், பின்முனையை வெட்டி அடினைன் வால் சேர்க்கும் நொதிகளும் உரிய நேரத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. தூது ஆர்.என்.ஏ.வுக்குத் தொப்பி இருப்பதும் கடத்து ஆர்.என்.ஏ.வுக்கு இல்லாததும் ஏன் என்று தேர்வில் கேட்டால் பலர் விழிப்பார்கள். விடை இந்த வாலில் இருக்கிறது.

ஊக்குவிப்பானை அடையாளம் காணச் சிக்மாவுக்குப் பதிலாக II-க்கு டி.எஃப்.ஐ.ஐ.டி தொடங்கி டி.எஃப்.ஐ.ஐ.எச் வரை ஒரு பெரிய காரணிக் கூட்டமே தேவைப்படுகிறது. நீளமான மரபணுக்களையும் நினைத்துப் பாருங்கள்: தசையில் உள்ள டிஸ்ட்ரோஃபின் மரபணு 20 லட்சம் கார இணைகளுக்கும் மேல் நீளமானது, அதை ஒருமுறை படியெடுக்க ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது. அத்தனை நேரமும் ஆர்.என்.ஏ.வை நழுவவிடாமல் பிடித்திருக்க வேண்டும். நழுவினால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

தேயிலைத் தோட்டத்தான் எழுதியது:

மூன்று என்ற எண்ணிக்கை விலங்குகளுக்குச் சரி. கோத்தகிரியில் பள்ளியைச் சுற்றித் தேயிலைச் செடிகள்தான் நிற்கின்றன என்பதால் இதையும் சொல்கிறேன்: தாவர உட்கருவில் IV, V என்று இன்னும் இரண்டு நொதிகள் உள்ளன. இரண்டும் II-லிருந்து கிளைத்தவை, டி.என்.ஏ.வில் மெத்தில் தொகுதிகள் சேர வழிசெய்து, தாவும் மரபணுக்களை அடக்கி வைப்பதே அவற்றின் வேலை.

ஒளிச்சேர்க்கை நடக்கும் செல் உறுப்பான பசுங்கணிகத்தில் மேலும் இரண்டு வகைகள் உண்டு. தேயிலையின் பசுங்கணிக மரபணுத் தொகுதி சுமார் 1,57,000 கார இணைகள் கொண்டது. பாக்டீரியா வகை பாலிமரேஸின் மையத் துணையலகுகளுக்கான நான்கு மரபணுக்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன; சிக்மா காரணிகள் மட்டும் உட்கருவிலிருந்து வருகின்றன. மற்றது, டி7 குடும்பத்தைச் சேர்ந்த ஒற்றைப் புரத நொதி. அது முழுவதும் உட்கருவின் மரபணுவிலிருந்து வருவது. துளிர் விரியும்போது முதலில் இந்த ஒற்றைப் புரத நொதி இயங்கி, பாக்டீரியா வகை நொதிக்கான மரபணுக்களைப் படியெடுக்கிறது. அதன் பின்னரே ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் முழு வேகத்தில் படியெடுக்கப்படுகின்றன.

பாக்டீரியா வகை நொதியை முடக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நஞ்சே சான்று. செண்டுமல்லி இனச் செடிகளைத் தாக்கும் ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியா டாஜெடிடாக்சின் என்ற நஞ்சை வெளியிடுகிறது. அது பசுங்கணிகத்தின் பாக்டீரியா வகை பாலிமரேஸைத் தடுப்பதால், அதன்பின் விரியும் இலைகள் பச்சையம் இன்றி வெளுத்துப் பிறக்கின்றன. முன்பே விரிந்த இலைகள் பச்சையாகவே நிற்கின்றன.

குன்னூர்க்காரர் எழுதியது:

குன்னூரில் 1907 முதல் இயங்கிவரும் பாஸ்டர் நிறுவனத்தை உங்கள் மாணவர்கள் பேருந்திலிருந்தாவது பார்த்திருப்பார்கள். வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசிக்குப் பெயர்பெற்ற இடம் என்பதால், அந்த வைரஸின் பாலிமரேஸையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். அதன் மரபணுத் தொகுதி சுமார் 12,000 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஆர்.என்.ஏ, அதுவும் தூது ஆர்.என்.ஏ.வுக்கு எதிர் இழை. எனவே ரைபோசோமால் அதை நேரடியாகப் படிக்க முடியாது; ஆர்.என்.ஏ.வைப் பார்த்து இத்தனை நீளமான தூது ஆர்.என்.ஏ.வை எழுதும் நொதியும் நம் செல்களில் இல்லை. ஆகவே, சுமார் 2,100 அமினோ அமிலங்கள் கொண்ட எல் புரதம் என்ற தன் பாலிமரேஸை அந்த வைரஸ் தன் துகளுக்குள்ளேயே சுமந்துகொண்டு வருகிறது. தூது ஆர்.என்.ஏ.வுக்குத் தொப்பி போடுவதையும் வால் சேர்ப்பதையும் அந்த ஒரே புரதம் செய்துவிடுகிறது. அது மேலே சொன்ன கொடுக்கு வடிவக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ரிஃபாம்பிசினோ அமானிட்டினோ அதைத் தொடுவதில்லை.

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமை வகுப்பில் கொடுக்கு வடிவத்தை வரைந்து, ரிஃபாம்பிசின் அமரும் இடத்தையும் அமானிட்டின் அமரும் இடத்தையும் இரு நிறங்களில் குறிக்கப் போகிறேன். தேயிலைத் தோட்டத்தார் அவர்களுக்கு ஒரு கேள்வி: பாக்டீரியா வகை நொதி அடங்கிய வெளுத்த இலையிலும் ஒற்றைப் புரத நொதி தொடர்ந்து இயங்குமா?

தேயிலைத் தோட்டத்தான் எழுதியது:

இயங்கும். பாக்டீரியா வகை நொதியின் மரபணுக்களை நீக்கிய புகையிலைச் செடிகளில் அதைப் பார்த்திருக்கிறார்கள். இலை வெண்மையாக இருந்தாலும், பசுங்கணிக மரபணுக்கள் அந்த ஒற்றைப் புரத நொதியால் தொடர்ந்து படியெடுக்கப்பட்டன. ஒளிச்சேர்க்கை இல்லாததால் அச்செடிகளைச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் வைத்தே வளர்க்க முடிந்தது.